காப்புக் கட்டிய கையும் இங்கிலீஷ் பரீட்சையும்

கீழச்சிவல்பட்டி மெயின் ரோட்டில் இருக்கிறது என் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஜெகபர் சாதிக் என்று போர்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை, எல்லாருக்கும் நான் வெறும் பாய்தான். எனக்குக் கோபம் வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசித் தேதி அன்று கடை அடைக்கிற நேரத்தில் வந்து, "பாய், ஒரு அப்ளிகேஷன்" என்று பல்லைக் காட்டுகிறவனைப் பார்த்துக் கோபம் வராதவன் மனுஷனே இல்லை.

காளீஸ்வரி அப்படி வந்தவள் இல்லை. மாசி மாதம் ஒரு காலை, நான் ஷட்டரைத் தூக்கி முடிப்பதற்குள் வந்து நின்றாள். பக்கத்து மருதவயல் பெண், முத்தழகு மகள். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தாள்.

"பாய், ராணுவத்துல பொம்பளப் பிள்ளைகளையும் எடுக்குறாகளாம்ல? மிலிட்டரி போலீஸு. எனக்கு ஒண்ணு போட்டு விடுங்க."

"பத்தாவது மார்க் ஷீட்டக் குடு."

"ஒம்பதாவது முடிச்ச டி.சி. இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆம்பளைப் பையன்களுக்காவது எட்டாவது முடித்திருந்தால் மெஸ் பக்கம் ஒன்றிரண்டு வேலை இருக்கிறது. பெண்களுக்கு இருப்பது இந்த ஒரே வழி. அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும். வெறும் பாஸ் பத்தாது, ஒவ்வொரு பாடத்திலும் முப்பத்திமூன்று, மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து. எல்லாவற்றையும் அவளிடம் கத்திச் சொன்னேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பத்தாவது படிச்சிருப்பேன் பாய். கொரோனா வருசம் எங்க அப்பா மலேசியாவுல வேலையில்லாம மாட்டிக்கிட்டாரு. நான் திருப்பூர்ப் பக்கம் மில்லுக்குப் போயிட்டேன்" என்றாள். பிறகு சிரித்தாள். "அந்த வருசம்தான் பத்தாவதுல எல்லாருக்கும் ஆல் பாஸ் போட்டாக. எங்க கிளாஸ்ல ஏ.பி.சி.டி. தெரியாதவன்லாம் வீட்ல படுத்துக்கிட்டே பாஸு. நான் மில்லுல நின்னுக்கிட்டே பெயிலு."

இதைச் சொல்லிச் சிரிக்க ஒரு மனசு வேண்டும். நானாக இருந்தால் இன்றுவரை யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன்.

"ராணுவம் எதுக்குத்தா ஒனக்கு?"

"எனக்கு ஓடத் தெரியும் பாய். ஓடுறதுக்குச் சம்பளம் குடுக்குற எடம் வேற எங்க இருக்கு? நாள் பூரா நின்னு சேல பிரிச்சுக் காட்டுறேன். சாமி எனக்குக் கால அதுக்குக் குடுக்கல."

டெல்லிக்காரர்கள் நடத்துகிற ஓப்பன் ஸ்கூல் என்று ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடம் போகாமலே பத்தாவது எழுதலாம், அந்தச் சர்ட்டிபிகேட்டை ராணுவத்திலும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். ஐப்பசியை ஒட்டிப் பரீட்சை, மார்கழியில் ரிசல்ட், மாசியில் விண்ணப்பம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் வயசுக்கு அடுத்த மாசிதான் கடைசி. அதை விட்டால் இருபத்தொன்று தாண்டிவிடும், அப்புறம் கதவு சாத்தியதுதான்.

"அப்ப ஒரே தடவதான்" என்றாள்.

"ஒரே தடவதான்."

"போட்டு விடுங்க."

அன்றிலிருந்து விடியற்காலையில் கண்மாய்க் கரையில் ஓட்டம், பகலில் சேலை, பஸ்ஸில் புத்தகம். தமிழ், சமூக அறிவியல், மனையியல் எல்லாம் தலைக்குள் போய்விட்டன. இங்கிலீஷ்தான் உள்ளே வருவேனா என்றது. பழைய கேள்வித்தாள்களை என்னிடம் ஜெராக்ஸ் எடுத்து, ஜவுளிக்கடையில் சேலை மடிப்புக்குள் ஒளித்துவைத்துப் படித்தாளாம். ஒருநாள் ஓர் ஆச்சிக்குப் பட்டுச்சேலையைப் பிரித்துக் காட்டியபோது உள்ளிருந்து "டு தி எடிட்டர், சர்" என்று ஒரு கடிதம் விழுந்து, மேனேஜர் கூப்பிட்டு ஏசியிருக்கிறார்.

முத்தழகு இன்னொரு பக்கம் தன் வேலையைப் பார்த்தாள். அவள் மூன்றாவதோடு நின்றவள். பரீட்சைக்குத் தன்னால் ஆனது வேண்டுதல் என்று முடிவு பண்ணிவிட்டாள். பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை, கொப்புடையம்மனுக்கு மாவிளக்கு. என் வீட்டு வாசலில் வந்து என் மனைவி சுபைதாவிடம், "ஒங்க பள்ளிவாசல்லயும் ஒரு வார்த்த சொல்லி வைங்க மதினி" என்று சீனி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். இத்தனை பேரிடம் சிபாரிசு பிடித்தவள் சொந்த ஊர் மாரியம்மனை விடுவாளா? மகள் பரீட்சை எழுதினால், புரட்டாசித் திருவிழாவில் காப்புக் கட்டி முளைப்பாரி எடுப்பாள் என்று நேர்ந்துவிட்டாள்.

வினை அங்கேதான் வந்தது.

புரட்டாசிக் கடைசிச் செவ்வாய், மருதவயலில் காப்புக் கட்டு. அன்றைக்குத்தான் காளீஸ்வரிக்குத் தமிழ்ப் பரீட்சை. காலையில் முத்தழகு சூடம் சுற்றி, திருநீறு பூசி, தெருவே பார்க்க அனுப்பிவைத்தாள். சாயங்காலம் மகள் சிரித்த முகமாகத் திரும்பிவந்தாள். கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. முத்தழகு மகள் கையை இழுத்துப் பூசாரி முன்னால் நீட்டினாள். மஞ்சள் கயிறு ஏறியது.

புதன்கிழமை காலையில் இருவரும் என் கடை வாசலில் சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"பரீட்ச எழுதிட்டுத்தான வந்த? அதான் முடிஞ்சிருச்சேன்னு நெனச்சேன்!" என்றாள் முத்தழகு.

"அஞ்சு பேப்பரும்மா! நேத்து எழுதுனது ஒண்ணுதான்!"

"அஞ்சு தடவையா எழுதச் சொல்லுவாக? ஒரு தடவ எழுதுனா நம்ப மாட்டாகளா?"

வெள்ளிக்கிழமை இங்கிலீஷ், காரைக்குடியில். மற்ற மூன்றும் திருவிழா முடிந்த பிறகு. முளைப்பாரி கரைவதோ அடுத்த செவ்வாய். மருதவயலில் காப்புக் கட்டாதவர்கள் காலையில் வெளியே போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பலாம். முளைப்பாரிக்குக் காப்புக் கட்டியவள் மட்டும் ஊர் எல்லையை ஓர் எட்டுக்கூடத் தாண்டக் கூடாது. தாண்டினால் முளை அழுகும், மழை போகும் என்பது ஊர் நம்பிக்கை. இத்தனை வருஷம் மில்லில் கிடந்த காளீஸ்வரிக்கு இந்தக் கண்டிப்பு தெரியாது. போய்விட்டு வரலாம் என்றுதான் கையை நீட்டியிருக்கிறாள். ராத்திரி பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்திருக்கிறது.

"பாய், டெல்லிக்கு ஒரு போனப் போட்டு அந்தப் பரீட்சைய அடுத்த வாரம் வைக்கச் சொல்லுங்க" என்றாள் முத்தழகு.

"ஆமா, டெல்லிக்காரன் எனக்கு மச்சான்" என்று கத்தினேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு ஏன் கத்தினோம் என்றிருந்தது. மகளுக்கு நல்லது செய்யப்போய் மகள் வழிக்குக் குறுக்கே போய் விழுந்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. தேதி மாறாது என்று சொல்வதற்கு என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் அழகுசுந்தரம் அம்பலம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் ஊருக்கு மழை வருவதும் வராததும் தன் பொறுப்பு என்று நம்புகிறவர்.

"பாய் சொல்லுங்க. அந்தப் பிள்ள அடுத்த தடவ எழுதக் கூடாதா?"

"எழுதலாம் அம்பலம். எழுதி முடிக்கையில வயசு போயிரும். வெறும் பத்தாவதாத்தான் இருக்கும், பட்டாளம் இருக்காது."

"காப்ப அவுத்து வேற பிள்ளைக்குக் கட்டிருவமா?" என்றார் ஒருவர்.

பூசாரி சரவணகுமார் சின்ன வயசு. பல்சரில்தான் கோயிலுக்கே வருவான். ஆனாலும் முறை என்று வந்துவிட்டால் கிழவர்களைவிட மோசம். "கட்டுன காப்பு கம்மாய்த் தண்ணியிலதான் அவுரணும். நடுவுல கைய வைக்க நான் மாட்டேன்" என்றான்.

"பரீட்ச வாத்தியார இங்குட்டுக் கூட்டியாந்துட்டா என்ன?" என்றது ஒரு குரல். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் குரல் உட்கார்ந்துவிட்டது.

காளீஸ்வரி எழுந்தாள். "ஊர எதுத்துக்கிட்டு நான் போக மாட்டேன். நாளைக்கு மழை இல்லாட்டி எங்கம்மாவத்தான் பேசுவீக. ஆனா போகாம இருந்தா..." அழுதாள். திருப்பூரைச் சொல்லிச் சிரித்தவள் அழுததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் கோபம்தான் இருந்தது, வழி ஒன்றும் இல்லை.

அப்போதுதான் முத்தழகு கூட்டத்துக்கு நடுவில் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அய்யா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீக. இந்த ஆத்தா எங்குட்டு இருந்து வந்தவ?"

"இதென்ன கேள்வி? எங்க பூட்டன்மாரு சிங்கம்புணரிப் பக்கம் இருந்து பொழைக்க வந்தப்ப பிடிமண்ணு எடுத்துட்டு வந்து வச்ச சாமி" என்றார் அம்பலம்.

"செலைய எடுத்துட்டா வந்தாக?"

"ஒரு கைப்பிடி மண்ணுதான்."

"ஒரு கைப்பிடி மண்ணுல ஆத்தாளே எல்லை தாண்டி வந்தா. வந்த எடத்தத்தான் நாம ஊருன்னு சொல்றோம், எல்லைன்னு சொல்றோம். அப்ப நாளைக்கு ஒரு பிடிமண்ணு எடுத்துட்டு எம்மக போனா, மண்ணு போற எடமெல்லாம் ஆத்தா எல்லைதான? அவ எங்க தாண்டுறா?"

அம்பலம் மீசையைத் தடவினார். பூசாரியைப் பார்த்தார். பூசாரி என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அந்த ஊரில் அன்றைக்கு மூன்றாவதுக்கு மேல் படித்தவர்கள் எல்லாருமே வாயடைத்துத்தான் நின்றோம், அம்பலத்தின் பி.ஏ. உட்பட.

"பிடிமண்ண எறக்கி வச்சுட்டா சாமி அங்கயே தங்கிருமே" என்றார் அம்பலம் கடைசியாக. முறையைக் காப்பாற்றியாக வேண்டுமே.

"ஆளில்லாம விட்டாத்தான் தங்கும்" என்றான் சரவணகுமார். அவனுக்கும் மனசு இளகிவிட்டது. "மண்ணு மேல காவலுக்கு எப்பவும் ஒரு ஆளு இருக்கணும். பொழுது சாயிறதுக்குள்ள மண்ணு இங்க வந்து சேந்துரணும். செருப்பு கூடாது."

"நான் இருக்கேன் காவலுக்கு" என்றாள் முத்தழகு.

வெள்ளிக்கிழமை மதியம் என் ஆம்னி வேனில் கிளம்பினோம். ஜும்ஆ தொழுகை முடித்து நேரே வந்ததால் நான் தொப்பியோடு வண்டி ஓட்டினேன். பக்கத்தில் முத்தழகு. பின்சீட்டில் காப்புக் கையோடு காளீஸ்வரி, மடியில் மஞ்சள் துணியில் மருதவயல். வழி முழுக்க அவள் இங்கிலீஷ் கடிதத்தை முணுமுணுத்தாள், முத்தழகு மாரியம்மனை முணுமுணுத்தாள். எது எதற்கு மேல் கேட்டது என்று சொல்ல முடியாது.

பரீட்சைப் பள்ளிக்கூட வாசலில் ஒரு டீச்சர் எல்லாரையும் சோதித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன மூட்டை?"

"மண்ணு டீச்சர்."

"மண்ணா? பேனாவும் ஹால் டிக்கெட்டும் அடையாள அட்டையும் மட்டும்தான் உள்ளே. செருப்பு எங்கே?"

"காப்புக் கட்டிருக்கு டீச்சர்."

"செருப்பு இல்லாட்டி பரவாயில்லை. பொட்டலம் கூடாது. வெளியே வச்சுட்டு வா. மணியாகுது."

காளீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் டீச்சரிடம் சண்டைக்குக் கிளம்பினேன். அதற்குள் முத்தழகு பொட்டலத்தை வாங்கி, கேட்டுக்கு முன்னால் தரையில் மண்ணைக் கொட்டிவிட்டாள். என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி அதன் மேல் ஊற்றினாள்.

"மிதிடி."

"என்னம்மா?"

"ரெண்டு காலையும் வச்சு நல்லா மிதி. ஒட்டட்டும்."

காளீஸ்வரிக்குப் புரிந்தது. அழுத்தி மிதித்தாள். உள்ளங்கால் முழுக்கச் செம்மண் அப்பிக்கொண்டது. அப்படியே டீச்சர் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கையில் பேனா, ஹால் டிக்கெட், ஆதார் மட்டும். டீச்சர் அவள் காலைப் பார்த்தார், முத்தழகைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதை நான் கண்ணால் கண்டேன்.

"போம்மா, சீக்கிரம் போ" என்றார்.

கேட் சாத்தியது. மிச்ச மண் தரையில் கிடந்தது. முத்தழகு அதன் மேல் ஏறி நின்றாள்.

"நெழலுக்கு வா தங்கச்சி. வேன்ல இருந்து பாத்துக்கிட்டா போதாதா?"

"மண்ணு மேல ஆளு இருக்கணும்னுதான சொன்னாக. பக்கத்துலன்னு சொல்லலையே."

நின்றாள். எதிர் வெயில் முகத்தில் அடித்தது. குடையைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். டீ வாங்கி வந்தேன், வேண்டாம் என்றாள். "டீயக் குடிச்சா பெறகு ஒதுங்கணும் பாய். மண்ண யாரு பாக்குறது?" வாட்ச்மேன் வந்து கேட்டை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொன்னார். முத்தழகு தள்ளி நிற்க முடியாத காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். கதை சிங்கம்புணரி வரைக்கும்கூட வரவில்லை, அவர் பாதியிலேயே கும்பிட்டுவிட்டு ஸ்டூலுக்குப் போய்விட்டார்.

டீ குடிக்காமலே ஒரு கட்டத்தில் அவளுக்கு ஒதுங்க வேண்டியதாகிவிட்டது. நெளிந்தாள். என்னைப் பார்த்தாள்.

"பாய், நீங்க சித்த நிக்கிறீகளா?"

"நான் நின்னா ஆத்தா ஒத்துக்குவாளா?"

"ஏன் ஒத்துக்க மாட்டா? அவ திருவிழா நோட்டீஸையே ஒங்க கடையிலதான எடுக்குறோம்."

செருப்பைக் கழற்றினேன். மண் சுட்டது. தலையில் தொப்பி, கையில் பூப்போட்ட பெண்கள் குடை, காலடியில் மாரியம்மன். ரோட்டில் போன காரைக்குடிப் பழக்கக்காரன் ஒருவன் பைக்கை நிறுத்தி, "என்ன பாய், எதும் வேண்டுதலா?" என்றான். "ஆமா, போடா" என்றேன். முத்தழகு வரும்வரை நான் கால் மாற்றிக்கூட நிற்கவில்லை. அந்தப் பிள்ளை பாஸாக வேண்டும் என்று என் வாய் தானாக ஓதிக்கொண்டிருந்தது. என் சொந்த மகள் பரீட்சைக்குப் போனபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

மணி அடித்துக் காளீஸ்வரி வெளியே வந்தாள். ஓடிவந்து அந்த மண்ணில் அம்மாவோடு சேர்ந்து நின்றாள்.

"லெட்டர் வந்துச்சா?" என்றேன்.

"எடிட்டருக்கு வரல பாய். பிரெண்டுக்கு எழுதச் சொல்லிட்டாக. எங்க ஊருத் திருவிழாவுக்கு வான்னு எழுதிட்டேன். காப்பு, முளைப்பாரி எல்லாத்தையும் தமிழ் வார்த்தையாவே போட்டுட்டேன். பிரெண்டுக்குப் புரிஞ்சா சரி."

மண்ணைத் துளிவிடாமல் வழித்து எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பினோம். எல்லைக் கல்லருகே சரவணகுமார் பல்சரில் காத்திருந்தான். அம்பலமும் அங்கே நின்றிருந்தார். மாட்டைத் தேடி வந்ததாகச் சொன்னார். அவரிடம் மாடு கிடையாது. முளைப்பாரி செவ்வாய்க்கிழமை பச்சைப் பசேலென்று போய்க் கண்மாயில் இறங்கியது. காளீஸ்வரியும் மிச்ச மூன்று பேப்பரையும் எழுதி முடித்தாள்.

மார்கழியில் ஒரு காலை ரிசல்ட் வந்தது. அம்மாவும் மகளும் என் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்க, நான் நம்பரைத் தட்டினேன். இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். அதற்கும் கம்ப்யூட்டரைத்தான் திட்டினேன். பக்கம் திறந்ததும் முதலில் இங்கிலீஷைப் பார்த்தேன். முப்பத்தெட்டு. மொத்தம் ஐந்நூறுக்கு இருநூற்று நாற்பத்தாறு. இருநூற்று இருபத்தைந்து போதும் அவளுக்கு.

"தாண்டிட்டத்தா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரன் வந்துவிட்டான். இன்னும் ராணுவத்தின் எழுத்துத் தேர்வு இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். காளீஸ்வரி எங்கே கேட்டாள்? பிரிண்ட் எடுத்த காகிதத்தை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் மருதவயலுக்கு ரோட்டோரமாக ஓட ஆரம்பித்துவிட்டாள்.

முத்தழகு கடை வாசலில் நின்று அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துலயும் தேறிட்டா எங்குட்டு அனுப்புவாக பாய்?"

"மொதல்ல பெங்களூர்ல டிரெயினிங். அப்புறம் எங்க வேணாலும் போடுவாக. காஷ்மீர்கூட."

"தூரம்ல?"

"தூரம்தான்."

மகள் ரோட்டு வளைவில் திரும்பி மறைந்தாள். முத்தழகின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, திட்டத்தான் தெரியும். "அழுறதா இருந்தா அன்னைக்கே அனுப்பாம இருந்திருக்கலாம்ல? எதுக்கு அந்த வெயில்ல நின்ன?" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அவ போகட்டும்னுதான பாய் நின்னேன்."